கார் தானாக உருளும் மூலை

காலையிலிருந்தே கிளட்ச் அக்காவின் கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கு இது தொழில் வியாதி. ஓட்டுகிறவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்தே பழகிய கால், மனசு பதறினால் வெறுந்தரையிலும் பிரேக் தேடும். பஸ்ஸில் போனாலும் மிதிப்பாள். ஒரு தடவை பல் டாக்டரின் நாற்காலியில் படுத்தபடி அவள் மிதித்த மிதியில், பக்கத்திலிருந்த குப்பைக்கூடை அடுத்த அறைக்கு உருண்டு போனது.

இன்று உதைக்கக் கூடை இல்லை. புதுப் பெயின்ட் வாசனை அடிக்கும் கூடமும், ஜன்னலில் கறுத்துக்கொண்டு வரும் வானமும்தான் இருந்தன.

"ஏம்மா, கொஞ்சம் உக்காரேன். அவங்க பாக்க வர்றது வீட்டை, உன்ன இல்ல" என்றார் புருஷன். தையல்காரர். வாயில் ஊசி இருந்தாலும் அவருக்குப் பேச்சு நிற்காது.

"மேகத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன். என்ன, அதுக்கும் அளவெடுக்கணுமா?"

"அது கொட்டறதுக்குள்ள அவங்க வந்து, பாத்து, புடிச்சிருக்குன்னு சொல்லிட்டுப் போயிடணும்ங்க."

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். இந்த வீடு கைமாற வேண்டும். மாறினால் மேட்டுத் தெருவில் ஒரு சின்ன வீடு. மாறாவிட்டால் இன்னொரு மழைக்காலம் இங்கேயே.

இந்த இடம் அவளுக்குப் புதிதில்லை. மழை கண்ணில் படாமல் ஆறே மணல் பாதையாகக் கிடந்த அந்த நீண்ட வறட்சியில், ஆற்றை ஒட்டிய இந்தப் பொட்டல்தான் அவளுடைய வகுப்பறை. மோதுவதற்கு மரமில்லை, மனுஷனில்லை. ஊரில் பாதிப் பேர் இங்கேதான் ஸ்டியரிங் பிடித்தார்கள். "கிளட்ச்! கிளட்ச்சு! அது என்ன காலா, தூணா?" என்று அவள் போடும் கூச்சல் அக்கரை வரை கேட்கும். பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அவளும் சும்மா விடவில்லை. அவரவர் தப்பையே அவரவருக்குப் பெயராக வைத்தாள். ஹாரனிலிருந்து கையெடுக்காத பேங்க் அதிகாரி 'ஹாரன் சார்'. பின்னால் வரும் வண்டியைப் பார்க்க வைத்த கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்த பெண் 'மேக்கப்'. ஹேண்ட்பிரேக் போடாமலே இறங்கி ஓடும் பையன் 'ஹேண்ட்பிரேக்'.

பொட்டலின் ஒரு மூலைக்கு மட்டும் ஒரு குணம் உண்டு. கண்ணுக்குத் தட்டையான தரைதான். ஆனால் காரை நியூட்ரலில் போட்டுப் பிரேக்கை விட்டால், எங்கே விட்டாலும் மெல்ல உருண்டு அந்த மூலைக்கே போய்ச் சேரும், பிறந்த வீட்டுக்குப் போகிற மாதிரி. ஹேண்ட்பிரேக் பாடத்துக்கு அதைவிட நல்ல இடம் ஏது?

பிறகு பொட்டலில் கல் நட்டார்கள், ரோடு போட்டார்கள், 'ஆறு பார்த்த வீடுகள்' என்று போர்டு வைத்தார்கள். அந்த மூலை மனையை கிளட்ச் அக்கா பாய்ந்து எடுத்தாள். "எனக்குத் தெரியாத மண்ணா?" என்று கேட்டவள் பொய் சொல்லவில்லை. கார் எங்கே உருளும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த வருஷங்களில் தண்ணீர் என்றால் லாரியில் வந்து குடத்தில் இறங்குகிற பொருள். அது தானாகத் தரையில் ஓடும் என்பதே ஊருக்கு மறந்து போயிருந்தது.

போன வருஷம் மழை வந்தது. முதல் நாள் தெருவே நனைந்து ஆடியது. யாரோ தைக்கக் கொடுத்திருந்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு தையல்காரர் ஆடினார். ஆட்டம் ஓய்வதற்குள் ஆறு எழுந்து வந்தது. போர்டு வைத்தவர்களை இனிமேல் குறை சொல்ல முடியாது. ஆறு கூடத்துக்கே வந்து முகம் காட்டிவிட்டுப் போயிற்று. மற்ற வீடுகளில் முழங்கால். மூலை வீட்டில் ஜன்னல். மொட்டை மாடியில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நாட்களுக்குப் பிறகு, மேகம் கறுத்தாலே அவள் கால் பிரேக் தேட ஆரம்பித்துவிடும்.

புரோக்கர் வந்துவிட்டார். எந்தப் புளுகையும் 'உண்மையச் சொல்லணும்னா' என்று தொடங்கிச் சொல்லும் ஆள். அவருக்குப் பின்னால் ஒரு இளம் ஜோடி.

"அக்கா! நீங்களா?" என்று கத்தினான் அந்த இளைஞன்.

ஹேண்ட்பிரேக்! கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான். மற்றபடி அதே சிரிப்பு.

"இவங்கதான் எனக்குக் கார் கத்துக்குடுத்தவங்க" என்றான் மனைவியிடம். "அக்கா வீடுன்னா பாக்கவே வேணாம். கண்ண மூடிட்டு வாங்கலாம்."

"கண்ண மூடிட்டுத்தான் நீ காரே ஓட்டுனே. வீட்டையாவது தொறந்து பாருடா" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உண்மையச் சொல்லணும்னா சார், இந்தத் தெருவுலயே காத்து இந்த வீட்டுக்குத்தான்" என்றார் புரோக்கர்.

மனைவிக்காரி சுவரை விரலால் தட்டினாள். மூலையில் குனிந்து முகர்ந்தாள். பிறகு நேராகக் கேட்டாள். "போன மழைக்கு இங்க எப்படிக்கா இருந்துச்சு?"

முந்தின நாளே புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருந்தார்கள். யார் என்ன கேட்டாலும் புரோக்கர் பதில் சொல்லட்டும், நாம் வாயைத் திறக்க வேண்டாம்.

"உண்மையச் சொல்லணும்னா மேடம், செருப்பு நனைஞ்சுது. அவ்ளோதான்."

தையல்காரருக்கு இருமல் வந்தது. கிளட்ச் அக்காவின் கால் மிதித்தது. "டீ போடறேன்" என்று சமையலறைக்குள் போனாள். அங்கே போயும் மிதித்தாள். அடுப்பைப் பற்ற வைத்தாள், அணைத்தாள், எதற்கு அணைத்தோம் என்று விழித்தாள். ஜன்னலுக்கு மேலிருந்த தகரத்தில் முதல் தூறல் தட்டியது.

அப்போது வெளியே கூச்சல். "கார்! கார் போகுது! உள்ள ஆளே இல்ல!"

எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். தெருக் கோடியில் அந்த ஹேண்ட்பிரேக் பையன் நிறுத்திவிட்டு வந்த கார், அவசரமே இல்லாமல் உருண்டு வந்து, மூலை வீட்டுக் கேட்டில் செல்லமாக ஒரு முட்டு முட்டி நின்றது.

"இன்னும் அதே பழக்கமா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மனைவி.

அவனுக்கோ ஒரே சந்தோஷம். "அக்கா, இது நம்ம மூலைதான! நீங்க பிரேக்க விடச் சொல்வீங்களே! ராசியான இடம்க்கா. காரே வந்து வீட்டைக் காட்டுது பாருங்க!"

"உண்மையச் சொல்லணும்னா சார், காரே செலக்ட் பண்ணிடுச்சு" என்றார் புரோக்கர்.

தூறல் வலுத்தது. கிளட்ச் அக்கா காரைப் பார்க்கவில்லை. ரோட்டில் கயிறு மாதிரி ஒரு நீர்க்கோடு கார் வந்த வழியிலேயே வளைந்து வந்து, டயரைச் சுற்றிக்கொண்டு, கேட்டுக்கு அடியில் நுழைந்தது. இனி தலையாட்டினால் போதும், முடிந்துவிடும். மேட்டுத் தெரு வீடு அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

"டேய், கீழ பாரு" என்றாள். "உன் காருக்கு யாரு வழி சொன்னா?"

"பள்ளம்க்கா."

"இந்தத் தண்ணிக்கு?"

அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், ஜன்னலின் நடுக் கம்பியில் வைத்தாள். "செருப்பு இல்லம்மா. இது வரைக்கும்." அந்தப் பெண் கம்பியையும் தன் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தாள்.

புரோக்கர் பதறிக்கொண்டு வந்தார். "மேடம், உண்மையச் சொல்லணும்னா..."

"அத நான் சொல்லிட்டேன். நீங்க வேற ஏதாவது சொல்லுங்க."

அவர் வாசலுக்குப் போய்த் தன் செருப்பைத் தேடினார்.

ஜோடி கிளம்பியது. கார் கேட்டில் முட்டி நின்ற பிறகாவது, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒழுங்காக ஹேண்ட்பிரேக் போட்டிருந்தான் போல. அதை எடுக்காமலே ஆக்ஸிலேட்டரை மிதித்தான். கார் முனகியது. "இப்ப எடுறா அத!" என்று கிளட்ச் அக்கா மழையில் நின்று கத்தினாள். முனகல் நின்றது. கார் மேட்டைப் பார்த்துப் போய்விட்டது.

தையல்காரர் வாசற்படியில் நின்றிருந்தார்.

"பேச வேணாம்னு நேத்து பேசினோம்ல?"

"பேசினோம்."

"அப்புறம்?"

"கால் மிதிச்சிருச்சுங்க."

அவர் கோபப்படத்தான் வந்திருந்தார். தெருவைப் பார்த்ததும் அதற்கு நேரமில்லை என்று தெரிந்தது. "என் உயிர வாங்கறதுக்குன்னே உனக்குத் தனியா ஒரு பிரேக் வச்சுக் குடுத்திருக்காங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய் மூன்று தையல் மெஷின்களில் ஒன்றின் ஒரு முனையைத் தூக்கினார். "நின்னுட்டே இருக்க? அந்தப் பக்கம் புடி. மாடிக்கு ஏத்தணும்."

பாதிப் படியில் அவள் நின்றாள்.

"இன்னொரு பார்ட்டி வந்தா?"

"முதல்ல இத ஏத்தும்மா. கை வலிக்குது."

"வந்தா, அவங்ககிட்டயும் நான்..."

"தெரியும்" என்றார். "புரோக்கர வேற வேலை தேடிக்கச் சொல்லிடலாம். ஏறு."

மெஷினை வைத்துவிட்டு அவள் கீழே ஓடினாள். ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியை, அந்த இரண்டு பிரேக் உள்ள காரை, தண்ணீர் ஏறாத பாலத்து மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். இறங்கினாள். திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். கீழே எல்லாத் தெருக்களிலிருந்தும் நீர்க்கோடுகள் அவள் வீட்டு மூலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. அவளும் அந்தப் பக்கமே ஓடினாள். இன்னும் இரண்டு மெஷின் பாக்கி இருந்தது.