காத்திருப்போர் பட்டியலில் இரண்டாவது பெயர்

பிபாத்தா நோம்ப்ரேக்கு முப்பத்தேழு வயது முடிய ஐந்து மாதம் இருந்தது. அரசாங்க வேலைக்குத் தேர்வு எழுத அதுதான் கடைசி வயது. அந்த வருஷம் ஆறாவது தடவையாக எழுதியிருந்தாள். அலுவலகத்துக்கு அலுவலகம் தபால் கொண்டுபோகும் கடைநிலை வேலை. ஆறாம் வகுப்புச் சான்றிதழ் போதும். அவளிடம் இருந்ததும் அது ஒன்றுதான்.

அந்த வேலையைத்தான் அவள் பதினோரு வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள், தினக்கூலியாக. தலைநகர் வாகடூகுவில் ஒரு தேர்வு அலுவலகத்தில் காலையில் முற்றம் பெருக்குவாள், தபால் கொண்டுபோவாள், அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொள்வாள். கம்பிவலைக் கதவு போட்ட பெரிய பலகை. அதன் சாவி அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கும். மேலிருந்து வரும் தாள்களை நாலு மூலையிலும் ஊசி குத்தி மாட்டிவிட்டுக் கதவைப் பூட்டுவாள்.

புதன்கிழமை மாலைகளில் மந்திரிசபை முடிவுகளை வானொலியில் வாசிப்பார்கள். இன்னார், ஊழியர் எண் இன்னது, இயக்குநராக நியமிக்கப்படுகிறார் என்று வாசித்து முடிப்பதற்குள் அந்த வீட்டு வாசலில் சொந்தக்காரர்கள் ஆட்டுக்கடாவோடு நிற்பார்கள். கடைநிலை வேலைக்கு வானொலியெல்லாம் கிடையாது. பலகையில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பலகைக்கு முன்னால் நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்து பிபாத்தாவுக்கு ஒன்று பழகியிருந்தது. பெயர் இல்லாதவர்கள் பட்டியலை முதலிலிருந்து மறுபடியும் படிப்பார்கள். மூன்றாம் தடவை விரல் வைத்துப் படிப்பார்கள். பெயர் இருப்பவர்கள் படித்து முடித்தபிறகும் நகரமாட்டார்கள். யாரிடமும் அவள் எதுவும் கேட்டதில்லை. அதிகாரிகள் கூப்பிட்டால் "ம்" என்பாள், போவாள், வருவாள். அவளுக்குக் குரல் உண்டா என்று புதிதாக வந்த தட்டச்சுக்காரி கேட்டிருக்கிறாள்.

அவள் வாய் திறக்கும் ஆள் ஒருவன்தான். பதிவறை எழுத்தர் எலுவா பஸியே. அவன் குருன்ஸிக்காரன், இவள் பிஸாக்காரி. இரண்டு இனத்துக்கும் கேலிமுறை. ஒருவரை ஒருவர் என்ன சொல்லி ஏசினாலும் கோபப்படக் கூடாது. ஏசாமல் போனால்தான் வருத்தம். இவர்கள் வேர்க்கடலை தின்னிகள், அவர்கள் நாய்த்தலை தின்னிகள். இரண்டு பக்கமும் மற்றவர்களைத் தங்கள் அடிமைகள் என்று சொல்லிக்கொள்ளும்.

"ஏ கடலை! இன்னும் வேலை கெடைக்கலயா? எப்படிக் கெடைக்கும்? உங்க ஊர்ல கடலை வெளையுற அளவுக்கு மூளை வெளையலயே."

"உனக்குக் கெடைச்சதுதான் அதிசயம். நேர்காணல்ல நாய்த்தலைய எப்படி வேகவைக்கணும்னு கேட்டிருப்பாங்க. டக்குனு சொல்லியிருப்ப."

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் ஒரு வேலை செய்தான். 'பிபாத்தா நோம்ப்ரே, குடியரசின் கடலைத்துறைத் தலைமை இயக்குநராக நியமிக்கப்படுகிறார்' என்று அசல் ஆணை மாதிரியே தட்டச்சு செய்து, பழைய ஆணை ஒன்றின் முத்திரையை ஒட்டி நகலெடுத்து அவள் மேசையில் வைத்துவிட்டான். தன் பெயரைப் பார்த்தவுடன் அவள் மீதியைப் படிக்கவில்லை. பிறகுதான் கடலை கண்ணில் பட்டது. அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்றைக்கு மத்தியானம் மட்டும் சாப்பிடவில்லை.

இந்த வருஷ முடிவு ஏப்ரலில் வந்தது. நாற்பது இடம். அவள் பெயர் நாற்பதில் இல்லை, காத்திருப்போர் பட்டியலில் இரண்டாவதாக இருந்தது. தேர்வானவர்களில் யாராவது வராமல் போனால் அந்தப் பட்டியலிலிருந்து கூப்பிடுவார்கள். அவள் தன் தாள்களையெல்லாம் ஒழுங்குபடுத்தித் தகரப் பெட்டியில் வைத்தாள். அதற்குமேல் அதை நினைக்கக் கூடாது என்று முடிவு செய்தாள், ஆனாலும் நினைத்தாள்.

ஜூனில் சொந்த ஊர் காராங்கோவிலிருந்து செய்தி வந்தது. அப்பா போய்விட்டார். எண்பதைத் தாண்டிய மனிதர். ஏழாம் நாள் தொழுகைவரை இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது பலகைச் சாவியை எலுவாவிடம் கொடுத்தாள்.

"சோத்துப் பானைனு நெனச்சுத் தெறந்துடாத."

"போ போ. உங்கப்பாவ நல்லாப் பொதைக்கச் சொல்லு. எந்திரிச்சு வந்து கடலை கேப்பாரு."

சொல்லிவிட்டு அவள் பையில் ஒரு கட்டி சோப்பும் சர்க்கரைப் பொட்டலமும் வைத்தான்.

காராங்கோவில் கேலிமுறைக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. சாவு வீட்டில் கேலி செய்வது அவர்கள் கடமை. அந்த ஊரில் இருந்த குருன்ஸி வாத்தியார் அப்பாவின் சட்டையை மாட்டிக்கொண்டு, அவர் இருமுவதுபோல் இருமி, கட்டிலில் படுத்துவிட்டார். ஒரு கூடை கடலை கொடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்றார். அழுதுகொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை சந்தை ஓரத்துத் தொலைபேசிக் கடையிலிருந்து ஆள் வந்தது, வாகடூகுவிலிருந்து அழைப்பு என்று. போய் எடுத்தாள்.

"கடலை, கேளு. மூணு பேர் வேலைக்கு வரல. காத்திருக்கிற மூணு பேரைக் கூப்பிட்டிருக்காங்க. உன் பேர் பலகைல இருக்கு. நான்தான் நேத்து மாட்டினேன். வியாழக்கிழமை மத்தியானம் பன்னெண்டுக்குள்ள தாளெல்லாம் கொடுக்கணும்."

அவள் சிரித்துவிட்டாள். "ஏன்டா, சாவுக்கு வர வக்கில்லாம போன்லயே கூத்தடிக்கிறியா?"

"சத்தியமாச் சொல்றேன்."

"எது மேல? நாய் மேலயா?"

"பிபாத்தா!"

பதினோரு வருஷத்தில் அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இந்தத் தடவை நன்றாக நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டு தொலைபேசியை வைத்தாள். வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மணிநேரம் கழித்து அலுவலகக் காவலாளி தொலைபேசியில் கூப்பிட்டான். அண்ணன் இஸ்ஸுஃப் போய்ப் பேசிவிட்டு வந்தான்.

"உன் குருன்ஸி இப்ப ஆள் வெச்சுப் பேசுறான். குரல்கூட நல்லாத் தழுதழுக்குது. கூலி கொடுத்திருப்பான்போல."

புதன்கிழமை மாலை எலுவாவே வந்து நின்றான். தலையிலிருந்து செருப்புவரை செம்மண் புழுதி. 'குருன்ஸி வந்துட்டான்' என்று சத்தம் போட்டபடி நாலு பேர் பாய்ந்து அவனைப் பிடித்தார்கள். ஒருவன் கயிறு எடுத்துவந்தான்.

"அடிமை தானா வந்திருக்கான், கட்டுங்க."

"கட்டுங்க, அடிங்க, எதுவேணாச் செய்ங்க. மொதல்ல அவளைக் கூப்பிடுங்க" என்று கத்தினான். அவன் கத்தக் கத்த அவர்களுக்கு இன்னும் உற்சாகமாக இருந்தது. இஸ்ஸுஃப் கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

பிபாத்தா மட்டும் அவன் கையைப் பார்த்தாள். மடித்த தாள் ஒன்றை, மழை வந்தாலும் நனையாதபடி பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தான். கயிறு விழுந்தபோதும் அந்தக் கையை மட்டும் மேலே தூக்கிக்கொண்டான். அவள் போய் அதை வாங்கிப் பிரித்தாள்.

சிவப்பு முத்திரை. இயக்குநரின் பச்சை மைக் கையெழுத்து. அவர் பேனாவை அழுத்துகிற அழுத்தத்தில் கடைசிக் கோடு எப்போதும் தாளைக் கிழித்துவிடும். இதிலும் கிழித்திருந்தது. நாலு மூலையிலும் ஊசித் துளை. மூன்று பெயர்களில் இரண்டாவது அவளுடையது. பக்கத்தில் அவளுடைய விண்ணப்ப எண். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"விடுங்க அவனை" என்றாள். அவள் குரலைக் கேட்டுக் கைகள் தளர்ந்தன.

"நகலெடுத்து வந்தா நீ நம்புவியா? அந்தக் கடலை ஆணைய மறந்திருப்பியா?" எலுவா தரையில் உட்கார்ந்துவிட்டான். "தாள் வாங்கிக்கிற அதிகாரி மதாம் தாப்ஸோபாகிட்டப் போய், நீங்க ஒரு வார்த்த போன்ல சொல்லுங்கனு கெஞ்சினேன். அறிவிப்பு பலகைல இருக்கு, அதுதான் தகவல், ஒருத்தருக்குப் போன் பண்ணா மூணு பேருக்கும் பண்ணணும், அப்படி வழக்கம் இல்லனுட்டாங்க. அப்புறம்தான் பலகையத் தெறந்தேன்."

"எப்போ எடுத்த?"

"நேத்து சாயங்காலம்."

"அப்போலேர்ந்து பலகைல ஒண்ணும் இல்லயா?"

அவள் மற்ற இரண்டு பெயர்களையும் படித்தாள். முதலாவது ஒரு பெண், மூன்றாவது ஓர் ஆண். முகம் தெரியாதவர்கள்.

அன்றைக்கு வண்டி கிடையாது. விடியும்போது வெங்காய லாரி ஒன்றில் தென்கொதொகோ போய் அங்கிருந்து பஸ் பிடித்தார்கள். வாகடூகு பஸ் நிலையத்தில் விட்டுவந்த மொபெட்டில் எலுவா அவளை ஏற்றிக்கொண்டான். அவள் வீட்டில் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று இருபது. தாள் வாங்கும் ஜன்னல் முன்னால் வேறு காரியங்களுக்கு வந்த ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"நேரா வரிசைல நில்லு. பலகைய நான் பாத்துக்கறேன்" என்றான் எலுவா.

"சாவியக் கொடு."

"கடலை, மணியப் பாரு."

"கொடு."

பலகைக்கு முன்னால் முதுகில் குழந்தை கட்டிய பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். பழைய தாள்களை முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். பிபாத்தா கதவைத் திறந்து, கொண்டுவந்த தாளைப் பழைய துளைகளிலேயே குத்தினாள். அந்தப் பெண் அதைப் படித்தாள். படித்து முடித்தபிறகும் நகரவில்லை. பிறகு கடைசி வரிக்கு வந்தாள்.

"இன்னிக்கு பன்னெண்டு மணியா?" என்றாள். "நான் நேத்தும் வந்தேனே. இது இல்லயே. தாளெல்லாம் ஸினியாரேல வீட்டுல இருக்கு."

ஸினியாரே முப்பது கிலோமீட்டர்.

பிபாத்தா அவளை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றாள். பதினொன்று ஐம்பதுக்கு அவள் முறை வந்தது. மதாம் தாப்ஸோபா தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். சான்றிதழ், பிறப்புப் பதிவு, குடியுரிமை, போலீஸ் சான்று, மருத்துவச் சான்று. எல்லாம் சரி. ரசீதில் முத்திரை குத்தி நீட்டினார்.

"அடுத்து."

பிபாத்தா நகரவில்லை. ரசீது கையில் இருந்தது. பேசாமல் திரும்பிப் போனால் முடிந்தது. பேசினால் சாவி யாருடையது என்று கேட்பார்கள். தன் பெயர் இருக்கும் தாளை மற்றவர் பார்க்காதபடி இவளே எடுக்கச் சொன்னாள் என்பார்கள். அப்படிச் சொன்னால் இல்லை என்று நிரூபிக்க அவளிடம் ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் என்று ஒன்று அவளுக்குக் கிடையாது.

"மதாம்" என்றாள். "அந்த அறிவிப்பு செவ்வாக்கெழம சாயங்காலத்துலேர்ந்து இப்பவரைக்கும் பலகைல இல்ல."

மதாம் தாப்ஸோபா கண்ணாடியைக் கழற்றினார். "யார் எடுத்தது?"

"எலுவா. எனக்குக் காட்டறதுக்காகக் காராங்கோவுக்குக் கொண்டுவந்தான். நான் போன்ல நம்பல. கேலினு நெனச்சேன். சாவி என்னோடது. நான்தான் அவன்கிட்டக் கொடுத்தேன்."

வரிசையில் யாரோ 'க்ளுக்' என்றார்கள். மதாம் சிரிக்கவில்லை. அவர் வேறு இனம், மோஸி. ஆனால் அவர்களுக்கும் ஸமோ இனத்தாரோடு கேலிமுறை உண்டு. எது எப்படி நடந்திருக்கும் என்று விளங்கியிருக்க வேண்டும்.

"மூணு முழு நாள் பலகைல இருக்கணும்னு விதி. ஒண்ணரை நாள்தான் இருந்திருக்கு" என்றார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். "எத்தன நாள் கொறஞ்சுதோ அத்தன நாள் நீட்டியாகணும். திங்கக்கெழம மத்தியானம்வரைக்கும். இயக்குநர்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டு நீயே போய் மாட்டு. மாட்டிட்டுச் சாவிய எங்கிட்டக் கொடுத்துடு. அவனுக்குக் கண்டனக் கடிதம் போகும்."

"என் தாள், மதாம்?"

"ரசீது கொடுத்தாச்சு இல்ல? பன்னெண்டுக்கு முன்னாடி வந்திருக்கு. நகரு."

புதுத் தாளை மாட்டும்போது குழந்தைக்காரி அவள் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்தெழுத்தாகப் படித்தாள். பிறகு பஸ்ஸுக்கு ஓடினாள். மூன்றாவது ஆளை யாரும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலை அவனும் வந்தான் என்று காவலாளி சொன்னான்.

எலுவா பதிவறை வாசலில் நின்றான். இரண்டு நாள் புழுதி இன்னும் போகவில்லை.

"வித்துட்டியே என்னை."

"அடிமைய விக்க எனக்கு உரிமை இல்லயா?"

"நல்ல விலைக்காவது வித்திருக்கலாம். ஒரு கண்டனக் கடிதம்! கெழட்டுக் கழுதைகூட இதவிட அதிக விலைக்குப் போகும்."

"நீ போற விலை அதுதான்" என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தான்.

நியமன ஆணை ஆகஸ்டில் வந்தது. பிபாத்தாவைக் கிழக்கே ஃபதா பக்கம் ஒரு வட்ட அலுவலகத்தில் போட்டார்கள். அங்கே மூன்று அறை, ஒரு வேப்பமரம், ஒரு சைக்கிள். தபால் கொண்டுபோகிறாள். கண்டனக் கடிதத்தால் எலுவாவின் பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போனது. அதற்கு நஷ்டஈடாக ஒவ்வொரு அறுவடைக்கும் அவள் அவனுக்கு ஒரு மூட்டை கடலை அனுப்புகிறாள். அவன் அதை வாங்கிக்கொண்டு, புழுத்துப்போன கடலை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.