கப்பல் நம்ம கரையைத் தாண்டும் நேரம்

சிங்கப்பூரில் தம்பி மகன் வீட்டில் நான்கு மாதம் பிள்ளை பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்பும்போது, "விமானம் வேண்டாம் அத்தை, கப்பல்ல ஒய்யாரமாப் போங்க" என்று அவனே டிக்கெட் எடுத்துத் தந்தான். குமரி மாவட்டத்து அருமனைக்காரிக்குக் கடல் எதற்கு? ரப்பர் மரத்துக்கு நடுவில் பிறந்தவள் நான். குவைத்தில் இருபத்தேழு வருடம் நர்ஸ் வேலை பார்த்தபோதும் கடலை விமான ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். ஆனாலும் இலவசம் என்றதும் மனசு சும்மா இருக்குமா? அறுபத்தொரு வயதில் ஒரு பெட்டியும் ஒரு டப்பா நேந்திரங்காய் உப்பேரியுமாகக் கப்பலேறிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் புறப்பாடு. எட்டு இரவுகள், பினாங்கு, பூக்கெட், கொழும்பு, கடைசியில் கொச்சி. எனக்குக் கிடைத்தது கப்பலின் வயிற்றுக்குள் ஜன்னலே இல்லாத அறை. விளக்கை அணைத்தால் கண்ணைத் திறப்பதும் மூடுவதும் ஒன்றுதான். பக்கத்து அறைகளில் துவாலையை யானையாகவும் முயலாகவும் மடித்துக் கட்டிலில் வைத்திருந்தார்கள். என் கட்டிலில் மட்டும் ஒரு மீன்பிடி வள்ளம் இருந்தது. கொளச்சல் கரையில் மூக்கைத் தூக்கிக்கொண்டு கிடக்குமே, அதே வள்ளம்.

மடித்தவன் கதவருகில் நின்றான். நாற்பத்தைந்து வயது இருக்கும், மெலிந்த ஆள். பெயரை மாற்றிச் சவேரியான் என்றே இங்கே சொல்கிறேன். ஊர் எது என்று கேட்டதற்குக் கேரளா என்றான்.

"கேரளாக்காரன் இப்படி இழுத்துத் தமிழ் பேசமாட்டான் மக்கா. கொளச்சலா, முட்டமா?"

அவன் முகம் சுண்டிப்போனது. "கொளச்சல் பக்கம் அக்கா. யாருட்டயும் சொல்லண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஊர்ப் பெயரைச் சொல்ல இவ்வளவு பயப்படுகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பினாங்கு. இந்தியர் தெருவில் பூக்கடை, புடவைக் கடை, பாட்டுச் சத்தம் என்று கோட்டார் சந்தையையே தூக்கி வைத்த மாதிரி இருந்தது. ஒரு டீக்கடையில் இரண்டு ரிங்கிட் இருபது சென்னுக்கு டீ குடித்தேன். கடைக்காரரின் வாப்பா தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வந்தவராம். என் பேச்சைக் கேட்டதும் ஒரு வடையைச் சும்மா தந்தார். மாலையில் அறைக்குத் திரும்பினால் சவேரியான் நடைபாதையில் காத்துக்கொண்டு நிற்கிறான்.

"அக்கா, எறங்குனியளே, நம்ம ஊர்க்காரவிய யாரையாவது பாத்தியளா?"

"ஒரு டீக்கடைக்காரரைப் பாத்தேன்."

"என்னயப் பத்தி ஏதாச்சும் கேட்டாரா?"

"உன்னை அவருக்கு எப்படிலே தெரியும்?"

"இல்ல, சும்மா கேட்டேன்." அவன் பார்வை என் தோளுக்குப் பின்னால், காலியாகக் கிடந்த நடைபாதையில் இருந்தது. நானும் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

திங்களும் செவ்வாயும் பூக்கெட். கப்பல் சிப்பந்திகள் எல்லாரும் முறை வைத்து இறங்கி இளநீர் குடித்தார்கள், சட்டை வாங்கினார்கள். சவேரியான் இறங்கவில்லை. எந்தத் துறைமுகத்திலும் அவன் இறங்குவதே இல்லை என்று இன்னொரு சிப்பந்தி சொன்னான். செவ்வாய் மதியம் மறந்துபோன கண்ணாடியை எடுக்க அறைக்கு வந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவன் விரிப்பை உதறியபடி முணுமுணுக்கிறான்: "சூசை, மிக்கேல், லூர்து, சிலுவை, ததேயு, பிச்சை, ஆன்றணி, ராயப்பன்." ஒவ்வொரு பெயருக்கும் தலையணையில் ஒரு தட்டு. முடிந்ததும் மறுபடி சூசை. ஜெபம் என்றால் நடுவில் ஒரு மரியே வாழ்கவாவது வரவேண்டாமா? பெயர்கள் மட்டும்தான். எட்டுப் பேரைக் கொன்றுவிட்டுக் கப்பலில் ஒளிந்திருக்கிறவனோ என்று தோன்றியது. கதவுக்குப் பின்னால் நாற்காலியைச் சாத்தி வைத்துவிட்டுத்தான் படுத்தேன்.

அதற்குப் பிறகு இரண்டரை நாள் கரையே கிடையாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே தண்ணீர், ஒரே நிறம். மேல்தட்டில் நூறு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள், ஆனால் கைப்பிடிக் கம்பியருகே போனால் கடலின் சத்தம் மட்டும்தான். வியாழன் மதியம் மூன்று மணிக்கு என்னால் பொறுக்க முடியவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா நான்?

"மக்கா, யாருலே அந்த எட்டுப் பேரு?"

கையிலிருந்த துவாலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அவிய எனக்க போட்டுல வந்தவிய அக்கா. நான்தான் போட்ட ஓட்டுனது. காத்து மாறுது, திரும்பிருவோம்னு எட்டுப் பேரும் சொன்னாவ. நான்தான் ஒரு வல கூடப் போட்டுட்டுப் போவோம்னேன்."

அந்த ஒரு வலையை இழுப்பதற்குள் புயல் வந்துவிட்டது. இரண்டாம் நாள் ஒரு சரக்குக் கப்பல் தூக்கியபோது பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தது இவன் ஒருத்தன்தான். கப்பல் இவனை வளைகுடாவில் இறக்கியது. முன்பு மீன்பிடிக்கப் போயிருந்த இடம் என்பதால் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அப்படியே கப்பல் வேலைக்கு வந்துவிட்டான். ஆறு வருடம். ஊருக்குச் சொல்லவே இல்லை.

"பொண்டாட்டிக்குக் கூடவா?"

"எட்டு வீடும் ஒரே தெரு அக்கா. அந்தத் தெருவுல நான் எப்படி நடப்பேன்?"

பிறகு இன்னொன்றும் சொன்னான். கொழும்பிலிருந்து கொச்சிக்குப் போகும்போது கப்பல் கன்னியாகுமரியைச் சுற்றி நம்ம கரையைத் தாண்டும். மாதம் ஒரு முறை, சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிவாக்கில் கால் மணி நேரம் போனுக்குச் சிக்னல் கிட்டும். அப்போது மனைவி ஜெசிந்தாவைக் கூப்பிடுவானாம். பேசமாட்டான். அவள் இரண்டு தடவை ஹலோ சொல்லிவிட்டு அவளும் பேசாமல் இருப்பாளாம். குக்கர் விசில் கேட்கும், கோழி கேட்கும், கோயில் மணி கேட்கும். சிக்னல் போகும்வரை இரண்டு பேரும் அப்படியே இருப்பார்களாம்.

"கரையில குருசடிக்குப் பக்கத்துல கல்லு நாட்டி, போனவிய பேரக் கொத்தி வச்சிருக்காவன்னு பேப்பர்ல படிச்சேன். எனக்க பேரு உண்டான்னு மட்டும் பாத்துச் சொல்லுவியளா? பேரு இருந்தா நான் செத்தவன்தான். அப்படியே இருந்துக்கிடுதேன். இல்லன்னா ஊருக்குப் போவேன், எது வந்தாலும் செரி."

வெள்ளி காலை பதினொரு மணிக்குக் கொழும்பு. துறைமுக வாசலில் ஆட்டோக்காரர் ஆயிரத்து இருநூறு கேட்டார். அவர்கள் ரூபாய்தான், ஆனாலும் சண்டை போட்டு எண்ணூறுக்குப் போனேன். அங்கே கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் எட்டு மெழுகுவர்த்தி ஏற்றச் சவேரியான் சொல்லியிருந்தான். ஒன்பதாவது உனக்கு ஏற்றவா என்று நான் கேட்டிருந்தேன். "எந்தக் கணக்குல ஏத்துவிய? உயிரோட உள்ளவனுக்கா, செத்தவனுக்கா?" என்றான். எட்டோடு நிறுத்திக்கொண்டேன். எரிந்துகொண்டிருந்த எட்டையும் பார்த்தபடி நின்றபோது எனக்கு ஜெசிந்தா மேல்தான் இரக்கம் வந்தது. இந்த மனுஷன் மாதாமாதம் அவள் காதில் மூச்சை விட்டுவிட்டு ஓடுகிறான். அவள் அழவும் முடியாமல் ஆறவும் முடியாமல் கிடக்கிறாள். இது என்ன நியாயம்? கப்பலுக்கு வந்ததும் அதையே அவனிடம் கத்தினேன்.

"ஒண்ணு பேசு, இல்லன்னா நிறுத்து. நான் நேர்ல போய்ப் பாக்கேன். அதுவரை அவளைக் கூப்பிடக்கூடாது. அந்தோனியார் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினான்.

சனிக்கிழமை, காலை ஒன்பது இருபது. மேல்தட்டின் வலப்பக்கம் போய் நின்றேன். நம்ம ஊரைக் கடலிலிருந்து பார்க்கப் போகிற ஆசை. அங்கே ஊரே இல்லை. மலைகள் மட்டும் தண்ணீரிலிருந்து நேராக எழும்பி நின்றன. வேளிமலை நின்றது, அதற்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் இன்னும் மலைகள். கரை, தென்னை, கோயில் கோபுரம், மார்த்தாண்டம், என் வீடு, எதையும் காணோம். தூரத்தில் இருப்பதால் கரை கண்ணுக்குக் கீழே போய்விடும், எப்போதும் அப்படித்தான் என்றான் சவேரியான். எனக்கு என்னவோ எல்லாரையும் கடல் மூடிவிட்டது, நான் ஒருத்திதான் மிச்சம் என்று தோன்றியது. மாதாவே என்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது தட்டு முழுக்கப் போன்கள் ஒவ்வொன்றாகக் கிணுகிணுத்தன. சிக்னல் வந்துவிட்டது. சவேரியான் பட்டன் போனைக் கையில் வைத்துக்கொண்டு மலையையே பார்த்தான். கட்டைவிரலைப் பட்டன் மேல் வைத்தான். நான் கையை நீட்டினேன். சர்க்கரை நோயாளியிடமிருந்து மிட்டாயைப் பிடுங்குகிற அதே தோரணை, பழக்கம் போகுமா? போனைத் தந்தான். சிம்மைக் கழற்றி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். என் நம்பரைக் குறித்துக்கொண்டு, அடுத்த மாதம் கொச்சியிலிருந்து என்னைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வதாகச் சொன்னான். பத்து மணிக்கு முன்பே மலைகளும் மங்கிவிட்டன.

மாலை ஐந்துக்குக் கொச்சியில் இறங்கி, ரயிலில் குழித்துறை வந்து, ஞாயிறு விடியற்காலை வீடு சேர்ந்தேன். அன்றே போயிருக்கவேண்டும். ஆனால் தரை ஆடியது. குளியலறை ஆடியது, கட்டில் ஆடியது. ஞாயிறும் திங்களும் படுத்தே கிடந்தேன். செவ்வாய்க்கிழமைதான் மார்த்தாண்டம் வந்து, பெண்களுக்குக் கட்டணமில்லாத பேருந்தில் இருபது சொச்சம் கிலோமீட்டர் போய் அந்தக் கரையூரில் இறங்கினேன். ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள்.

பதினோரு மணி வெயில். குருசடியின் சிலுவையைத் தூரத்திலிருந்து பார்க்கும்போதே உளிச் சத்தம் கேட்டது. கறுப்புக் கல் முன்னால் மயிலாடியிலிருந்து வந்த கொத்தர் ஒருவர் குடை நட்டு உட்கார்ந்திருந்தார். சூசை, மிக்கேல், லூர்து என்று அவன் முணுமுணுத்த அதே வரிசையில் எட்டுப் பெயர்கள். வழுவழுவென்று பழைய எழுத்துகள். அவற்றுக்குக் கீழே வெள்ளைப் பொடி படிந்த இரண்டு புது எழுத்துகள்: "சவே". மூன்றாவதன் மேல் உளி இருந்தது.

"என்ன கொத்துறீங்க?" என்று கேட்டேன்.

"விட்டுப்போன பேரும்மா. ஆறு வருசமா எடத்த மட்டும் விட்டுப் போட்டிருந்தாவ. கொத்தக்கூடாதுன்னு அவருக்க வீட்டம்மா ஒரே பிடிவாதம். நேத்து அவியளே கூப்பிட்டு வரச் சொன்னாவ."

கொஞ்சம் தள்ளி மணலில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவள் மடியில் போன் கிடந்தது. நான் போய் அவளருகே உட்கார்ந்தேன். யார் என்ன என்று கேட்கவில்லை. துக்கம் கேட்க வந்தவள் என்று நினைத்திருக்கவேண்டும். அவளாகவே சொன்னாள்.

"மாசம் ஒரு போன் வரும் அக்கா. பேச்சு கெடையாது, மூச்சு மட்டும் கேக்கும். எனக்க ஆளு மூச்சு எனக்குத் தெரியாதா? அதுனாலதான் கல்லுல பேரக் கொத்தவும் விடல்ல, செத்த சர்ட்டிபிக்கெட்டும் வாங்கல்ல. இந்தச் சனிக்கெழம வரல்ல. ராத்திரிவரை கையிலயே வச்சிருந்தேன். ஞாயித்துக்கெழமயும் வரல்ல. மூச்சு நிண்ணு போச்சு. அவ்வளவுதான்."

ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன்! அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் கேட்காத தூரம் போனேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். உயிரோடு இருக்கிறான், எட்டு நாள் என் அறையைக் கூட்டினான், கூப்பிடாதே என்று சொன்ன பாவி நான்தான் என்றேன். கைப்பையைத் துழாவி சிம்மை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் அதை வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

"இதுக்குள்ளயா அக்கா இருந்தாரு?"

அழவில்லை. திரும்பி அந்தப் பெண்களைப் பார்த்தாள். அத்தனை பேரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கொத்தரிடம் போய், "அண்ணே, இண்ணைக்கு இது போதும்" என்றாள்.

"பேரு பாதியில நிக்கே?"

"நிக்கட்டும்."

என்னைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டாள். "அடுத்த மாசம் கூப்பிடுவாரா அக்கா?" என்று கேட்டாள். நான் சத்தியம் வாங்கியிருக்கிறேனே.

இது நடந்து மூன்று மாதமாகிறது. கொச்சியிலிருந்து எனக்கு அழைப்பு வரவில்லை. கப்பல் கம்பெனிக்கு எழுதினேன். ஊழியர் விவரம் தருவதில்லை என்று பதில் வந்தது. துறைமுகங்களைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று இந்தப் பத்திரிகையில் கேட்டார்கள், நானும் டீ விலையும் ஆட்டோ விலையும் எழுதியிருக்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. சவேரியான், எந்தத் துறைமுகத்திலாவது இது உன் கண்ணில் பட்டால், உன்னிடம் வாங்கின சத்தியத்தை நான் விட்டுவிட்டேன் மக்கா. உனக்கு அவள் நம்பர் மனப்பாடம். யாருடைய போனிலிருந்தாவது கூப்பிடு. பேசக்கூட வேண்டாம். காலை ஒன்பதரைக்கு அவள் போனை எடுத்துக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். இனி எந்த நாள் கூப்பிடுவாய் என்று தெரியாததால் தினமும் வருகிறாள்.