றப்பர் டைனோசர்

சண்டையால் மின்சாரம் நின்றுபோன வருடங்களில் எங்கள் வீட்டில் ரிவிப் பெட்டி இருந்தது. அடுத்த ஒழுங்கையில் வெங்காயத் தோட்டம் செய்கிற அண்ணையிடம் பற்றறி இருந்தது. டீசல் கிடைக்காமல் அவருடைய உழவு இயந்திரம் சும்மா நின்றது. சனிக்கிழமை பின்னேரங்களில் அதன் பற்றறியைக் கழற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார்; அதில்தான் ரிவி ஓடும்.

டைனோசர்கள் உலாவும் தொடரொன்று அப்போது ஓடியது. வழிதவறிய குடும்பமொன்று அவற்றுக்கு நடுவே அலைந்து திரியும். அண்ணை வாயைத் திறந்தபடி பார்ப்பார். விஞ்ஞானம் படிக்கிறேன் என்ற திமிரில் நான் காட்சிக்குக் காட்சி பிழை பிடிப்பேன்.

"அண்ணை, உது றப்பர் பொம்மை. மனிசரும் டைனோசரும் ஒருநாளும் ஒண்டாய் இருக்கேல்லை."

ஒருநாள் அவர் என் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் தெரியும் தம்பி. கிழமை முழுக்க உண்மையைத்தானே பாக்கிறம். உந்த அரை மணித்தியாலமாவது பொய்யைப் பாக்க விடும்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பையாவது அடக்கியிருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமையும் பற்றறி வந்தது. அதை இறக்கி வைத்து, வயரையும் தானே கொழுவிவிட்டு, "நீர் பாரும்" என்று சொல்லிச் சைக்கிளில் ஏறினார்.

படம் தெளிவாகத்தான் தெரிந்தது. நான் பிழை சொன்னால் கேட்க ஆள்தான் இல்லை.