திகதி இல்லாத முத்திரை

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரியும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரொறன்ரோவில் நான் வேலை செய்யும் பேக்கரியில், சாப்பாட்டு மேசையில் ஒரு பாஸ்போட் கிடந்தது. அதன்மேல் கோப்பிக் கோப்பை. எங்கள் வீட்டில் கடதாசிகள் மூன்று பொலித்தீன் பைக்குள் படுத்திருக்கும். பாஸ்போட் கொலினுடையது. அவர் இங்கிலாந்துக்காரர், பாண் சுடும் போறணை பார்ப்பவர். அங்கே வீட்டை விற்றுவிட்டு, இங்கிருக்கும் தமக்கையைப் பார்க்க வந்து, ஊர் பிடித்துப்போய் நின்றுவிட்டார். என் வேலை அனுமதியை மூன்று தரம் வாங்கிப் பார்த்த முதலாளி, அவரிடம் ஒரு துண்டும் கேட்கவில்லை.

கோப்பையைத் தூக்கும் சாட்டில் உள்ளே விட்டபோது குத்திய முத்திரையைப் பார்த்தேன். வெளியேறவேண்டிய திகதி எழுதவில்லை. எழுதாவிட்டால் ஆறு மாதம்தான் நிற்கலாம். டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்துக் குழந்தைக்கும் அது தெரியும். கொலின் வந்து பத்து மாதம். இரண்டு நாள் தயங்கித்தான் சொன்னேன். அவர் சிரித்தார்.

“அது உங்களுக்கு. எனக்குக் கணக்கு வைக்க விரும்பியிருந்தால் எழுதியிருப்பார்கள்” என்று, இருபது டொலர் தாளை எடுத்து அதிலிருந்த தன் நாட்டு மகாராணியைக் காட்டினார்.

தங்கச்சியின் கல்யாணத்துக்கு லண்டன் போக, கொழும்பில் விசாவுக்கு நான் நின்ற வரிசை நினைவுக்கு வந்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த வெள்ளைக்காரர் காணி உறுதி, வங்கிப் புத்தகம் எல்லாம் புரட்டிவிட்டு, திரும்பி வருவீர் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். தங்கச்சியின் கல்யாணத்தைப் படத்தில்தான் பார்த்தேன்.

வேலை அனுமதி என்று ஒன்று இருப்பதைத் தமக்கை சொல்லி, கொலின் இமிகிரேஷனுக்குப் போனார். வேலை செய்துகொண்டிருக்கிறேன் என்று அங்கே பெருமையாக வேறு சொல்லியிருக்கிறார். எங்கள் ஆட்கள் உயிர் போனாலும் அதைச் சொல்லமாட்டார்கள். வேலையை உடனே நிறுத்து, மாதம் முடியுமுன் நாட்டை விட்டுப் போ, லண்டனிலிருந்து விண்ணப்பித்துக் காத்திரு என்றார்களாம்.

கூட வேலை செய்யும் பவளம் அக்கா மாப் பிசைந்தபடியே சொன்னா: “எங்களைப் போல அகதி எண்டு கேக்கச் சொல்லன். ஆர் அடிச்சது எண்டு கேட்டா, லண்டன் மழை எண்டு சொல்லட்டும்.”

நானும் சிரித்தேன். மறைக்கவில்லை.

சாமான் எடுக்க வந்த கொலின் மா மூட்டையில் உட்கார்ந்து, நான் எவ்வளவு காலம் காத்திருக்கிறேன் என்று கேட்டார். நாலு வருடம், நிரந்தரமாய் நிற்க விடும் லாண்டட் பேப்பர் இன்னும் வரவில்லை என்றேன்.

“நாலு வருடமா? எப்படித் தூங்குகிறீர்?”

அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஆங்கிலம் இல்லை. தலையாட்டினேன். நன்றாகத் தூங்குகிறேன் என்று எடுத்துக்கொண்டார் போல.

அவருக்குப் போக நாடு இருந்தது. இறங்கினால் கதவைத் திறக்க வீடில்லை. என் வீடு இன்னும் நிற்கிறது என்று ஊரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. உள்ளே ஆமி முகாம் போட்டிருக்கிறதாம்.

அடுத்த நாள் போறணையைப் பவளம் அக்கா பார்த்தா. பாண் கொஞ்சம் கருகிவிட்டது.