நட்சத்திரம் போட்ட கட்டம்

பதுளையில் ஒரு சிறிய அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கிறேன். பெண்ணை விரும்பும் பெண்கள், திருநங்கைகள் போன்றோருக்கு நேரும் கொடுமைகளைத் தொகுத்து ஜெனீவாவுக்கு அனுப்ப ஒரு படிவம் செய்தேன். மனித உரிமை உடன்படிக்கையில் நம் நாடும் கையெழுத்திட்டிருக்கிறது. அதன்படி நடக்கிறதா என்று அங்கே ஒரு குழு கேட்கும்.

மொத்தம் ஒன்பது கட்டங்கள். ஆறாவது, போலீஸ் முறைப்பாட்டு எண். அதற்கு நட்சத்திரம் போட்டேன். நிரப்பாவிட்டால் படிவம் போகாது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருப்பில் பிறந்த நானே அப்படிச் செய்ததை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. தோட்டத்தில் எந்தப் பிரச்சினையும் முதலில் தொழிற்சங்கத் தலைவரிடம்தான் போகும். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து எங்களிடம் முறையிட வந்தவளுக்கு இருபத்து மூன்று வயது. கொழுந்து பறிப்பவள். ஹாலிஎலவில் தையல் தொழிற்சாலையில் இருக்கும் ஒரு பெண்ணை அவள் காதலிப்பது தெரிந்ததும், அண்ணன் அவளுடைய அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டான். அதே தொழிற்சாலையில் அவளுக்கும் வேலை தயாராக இருந்தது. அட்டை இல்லாமல் சேர முடியாது.

தலைவர் கோயில் முன் சூடம் ஏற்றினாராம்.

"அவளோட இனிப் பேச மாட்டேன்னு இத அணைச்சு சத்தியம் பண்ணிரு பாப்பா. கார்டு இப்பவே வரும்."

"பொய்ச் சத்தியம் பண்ணா சாமி கண்ணக் குத்தும் தலைவரே. அப்புறம் கொழுந்து யாரு பறிக்கிறது?"

பேச்சு அத்தோடு முடிந்தது. அட்டை அண்ணனிடமே இருந்தது.

நட்சத்திரத்தை எடுத்துவிட்டு அவள் விவரத்தை அனுப்பினேன். ஜெனீவாவுக்கான அறிக்கையை எழுதுபவர் கொழும்பிலிருந்து அழைத்தார். "நம்பர் இல்லாம சேர்க்க ஏலாது தங்கச்சி. அப்படி ஒண்ணும் நடக்கலன்னு அரசாங்கம் சொல்லிரும்."

நானும் அவளும் போலீசுக்குப் போனோம். அண்ணன் பறித்ததைச் சொன்னேன்.

"குடும்பப் பிரச்சினைதானே? தலைவர்கிட்ட பேசிக்கங்க" என்றார் அங்கிருந்தவர்.

உடன்படிக்கையின் பிரிவுகள் எனக்கு வரிசையாக மனப்பாடம். ஒன்றைக்கூடச் சொல்ல அங்கே இடமில்லை. அவள் என்னை விலக்கிக்கொண்டு முன்னே போனாள்.

"சார், கார்டு பஸ்ஸுல தொலைஞ்சு போச்சு."

அவர் உடனே புத்தகத்தைத் திறந்து பதிந்து, முறைப்பாட்டு எண் போட்ட துண்டு ஒன்றைக் கொடுத்தார். புது அட்டைக்கு விண்ணப்பிக்க அந்தத் துண்டு வேண்டும்.

"இந்தாங்கக்கா, ஒங்களுக்கும் ஒரு நம்பர் கெடச்சிருச்சு" என்று வெளியே வந்து சிரித்தாள்.

அந்த எண்ணை எழுதினால் ஆறாவது கட்டம் நிறையும். யாராவது சரிபார்த்தால், அட்டை தொலைந்தது, எவரும் எதையும் பறிக்கவில்லை என்றிருக்கும். நான் எழுதவில்லை.

அங்கிருந்து படம் எடுக்கப் போனோம். அடையாள அட்டைக்குச் சிரிக்கக் கூடாது என்று கடைக்காரர் மூன்று முறை சொன்னார். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை.