ஏழு பெயர்கள் தெரிந்த திரை

சுபைதா பேகம் அக்கா தன் கடையில் எந்தப் பெண்ணையும் பெயரை வாய்விட்டுச் சொல்ல விடமாட்டாள். துண்டுச் சீட்டை நீட்டுவாள். எழுதிக் கொடுத்த பெயரைத் தட்டச்சு செய்ததும், சீட்டைக் கிழித்துத் தண்ணீர் டம்ளரில் ஊறப் போடுவாள். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து பார்க்கிறேன். முக்கூடல் பேருந்து நிலையம் பக்கம் ஜெராக்ஸும் மனு தட்டச்சும்தான் அவள் பிழைப்பு. புருஷனிடம் அடிபடுகிற பெண்கள் மனு எழுத அவளிடம்தான் வருவார்கள்.

போன வருஷம் அவளுடைய பழைய கணினியில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம் போட்டுக் கொடுத்தேன். "ஒருத்தி மனுவ இன்னொருத்தி பாத்திரக் கூடாதுளா" என்றாள். ஆளுக்கொரு கணக்கும் கடவுச்சொல்லும் வைத்தால் பத்திரம் என்றேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். கணினி விஷயத்தில் என்னை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அக்காவும் அப்படியே செய்தாள். ஏழு பெண்கள், ஏழு கணக்குகள். கணினியைப் போட்டதும் வரும் உள்நுழைவுத் திரை அந்த ஏழு பெயர்களையும் வரிசையாகக் காட்டும் என்பதை நான் யோசிக்கவில்லை. காலையில் தனியாகக் கடை திறக்கிற அக்காவுக்கும் அது உறைக்கவில்லை.

ஒரு மத்தியானம் நானும் கடையில் இருந்தேன். மின்சாரம் போயிருந்தபோது பலவேசம் ரேஷன் கார்டோடு வந்து, கணினிக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தான். பீடி சுற்றுகிற அன்னத்தாயின் புருஷன். அவன்மேல் அவள் கொடுக்கவிருந்த மனு அந்தக் கணினிக்குள் பாதியில் இருந்தது.

"கரண்டு எப்ப வருமோ. சாயந்தரம் வாருமே" என்றாள் அக்கா.

"எனக்கென்ன கலெக்டர் உத்தியோகமா? இருக்கேன்."

சட்டென்று மின்விசிறி சுழன்றது. கணினி தானாகவே ஓடத் தொடங்கியது. திரையில் பெயர்கள் வந்து நின்றன. மனுவில் எழுதுவதுபோலவே புருஷன் பெயரும் சேர்த்து அக்கா தமிழில் போட்டிருந்தாள். மூன்றாவது, 'அன்னத்தாய் பலவேசம்'.

 அக்கா எழுந்து முதுகால் திரையை மறைத்தாள்.

"என்னக்கா மறைக்குதிய? உள்ள படமா ஓடுது?"

"ஆமா, உமக்கு டிக்கெட் கிடையாது. கார்டைத் தாரும்."

சிரித்தாள். கார்டை வாங்கி நகல் எடுத்தாள். நகலை வாங்கியவன் படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

"ஏளா, பாத்திருப்பானோ?"

"தெரியலக்கா."

"முதல்ல அத எடு."

பட்டியலை மறைக்க, அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். எனக்கு இரண்டு முறை எழுத்து பிசகியது. மறுபடி கணினியைப் போட்டபோது, பெயரைக் கேட்கும் காலிக் கட்டம் மட்டும் வந்தது. ஐந்து நிமிஷ வேலை. முதல் நாளே இதைச் செய்யாமல் நான் என்ன படித்தேன்?

அன்று சாயங்காலமே "எம்மேல மனுவா எழுதுத?" என்று கேட்டுப் பலவேசம் அன்னத்தாயை அடித்திருக்கிறான். பிள்ளைகளோடு அவள் ஏரலில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த வாரம் மனுவை வாங்க வந்தபோது கன்னம் வீங்கியிருந்தது.

"மனு விஷயம் என் தங்கச்சிக்கு மட்டுந்தான் தெரியும்க்கா. அவதான் சொல்லியிருக்கா. இனி அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தாளை நீட்டி, "கையெழுத்து இங்கன" என்றாள். நான் பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.

ஏழு மாதம் ஆகிவிட்டது. தங்கை கல்யாணத்துக்குக்கூட அன்னத்தாய் போகவில்லையாம். பலவேசம் எதிர் டீக்கடையில் நின்று இந்தக் கடையையே பார்க்கிறான். "சொல்லணும்ளா. சொன்னா மத்தவளுவ இங்கன வருவாளுவளா?" என்கிறாள் அக்கா. அன்னத்தாயின் ஏரல் நம்பர் அக்கா போனிலும் இருக்கிறது, என் போனிலும் இருக்கிறது. தங்கச்சிமேல் தப்பில்லை என்று அன்னத்தாயிடம் சொல்ல வேண்டிய கடன் மட்டும் இன்னும் தீரவில்லை.