மிதிக்கக் கூடாத புல்

போன மாதம் அக்கா கூப்பிட்டதால் லண்டனில் மோர்டனுக்குப் போயிருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது பிளாஸ்டிக் புல் விரிக்கிற ஆள் ஒருவர் பின்வளவில் முழங்காலில் நின்று, நீண்ட மட்டக்கோல் ஒன்றைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் மழை பெய்து விட்டிருந்தது. குசினிக் கதவிலிருந்து பின்வேலி வரைக்கும் புற்றரையின் நடுவால் சின்னச் சின்னப் பள்ளங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கை தண்ணீர். எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, பதினொன்று என்று எனக்குத் தெரியும். அந்த ஆள் எழுந்து, இதையெல்லாம் முதலில் நிரவ வேண்டும், யார் நிலத்தை இப்படிப் பழுதாக்கியது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் வேலியைப் பார்த்தேன்.

பழுதாக்கியவர் அண்ணை. அவர் இறந்து எட்டு மாதமாகிறது. கூடப்பிறந்த அண்ணன் அல்ல. லண்டனுக்கு வந்த புதிதில் எனக்கு மேல்மாடிச் சின்ன அறையை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரர். அக்கா அவருடைய மனைவி. அண்ணை கிளிநொச்சிப் பக்கத்து வயல்காரக் குடும்பம். இளம் வயதிலேயே ஜேர்மனிக்குப் போய், பதினைந்து வருடம் உணவகக் குசினிகளில் நின்று, பிறகு லண்டனுக்கு வந்து வான் ஒன்றை வாங்கி, வீடுகளுக்குத் தரை ஓடு பதிக்கிற வேலை செய்தார். நல்ல மனிதர். ஆனால் அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லிவிட முடியாது. வாயைத் திறக்க முன்னமே, "எனக்குத் தெரியும், நீர் சும்மா நில்லும்" என்பார். நானும் சும்மா நிற்கப் பழகியிருந்தேன். அந்தப் பழக்கம் எவ்வளவு கெட்டது என்பதை 2009ஆம் ஆண்டு வசந்தத்தில்தான் அறிந்தேன்.

அண்ணையின் தங்கை அப்போது வன்னியில், சண்டைக்குள் அகப்பட்டிருந்தார். வழி அடைபட முன்னமே தன் ஒரே மகளை எப்படியோ வெளியே எடுத்து, கொழும்பில் ஒருவர் கையில் ஒப்படைத்து, தமையனிடம் அனுப்பியிருந்தார். அண்ணைக்கு அவள் மருமகள். ஒன்பது வயது. ஆனால் விமானநிலையத்தில் இறங்கிய பிள்ளையை அதிகாரிகள் எங்கள் கையில் தரவில்லை. ஸ்ட்ரெதமில் ஓர் ஆங்கிலக் குடும்பத்தோடு தங்கவைத்தார்கள். கிழமைக்கு ஒரு மணித்தியாலம், ஓர் அதிகாரி பக்கத்தில் இருக்க, நாங்கள் போய்ப் பார்க்கலாம். அவள் அதிகம் பேசமாட்டாள். ஒருநாள் மட்டும், "மாமா, உங்கட வீட்டில எனக்குக் கட்டில் இருக்கோ?" என்று கேட்டாள். அண்ணை அன்றே கட்டில் வாங்கினார். அக்கா அதற்கு மஞ்சள் விரிப்பு வாங்கினார்.

மார்ச்சில் பிள்ளையின் பொறுப்பைக் கவனிக்கிற சோசல் வேர்க்கர் வீட்டைப் பார்க்க வந்தார். உயரமான, மெதுவாகப் பேசுகிற பெண். மொழிபெயர்க்க நான் நின்றேன். அறை, கட்டில், குளியலறை எல்லாவற்றையும் பார்த்து எழுதினார். பிறகு குசினிக் கதவைத் திறந்தார். பின்வளவு முழுக்க அண்ணை வேலை செய்த வீடுகளின் கழிவு. உடைந்த ஓடுகள், ஒரு குளியல் தொட்டி, கழற்றிய யன்னல்கள், அவற்றின் கண்ணாடி. அந்தப் பெண் கதவிலேயே நின்றுவிட்டார். ஒரு பிள்ளை ஓடி விளையாட இந்த இடம் ஆபத்து என்றார். மே கடைசியில் திரும்ப வருவதாகவும், அதற்குப் பிறகுதான் பிள்ளையை இங்கே விடுவதா அல்லது வேறு குடும்பத்திடம் நிரந்தரமாகக் கொடுப்பதா என்று தீர்மானிப்பார்கள் என்றும் சொன்னார். போகும்போது, துப்புரவாக்கிக் கொஞ்சம் புல் போட்டால் நன்றாயிருக்கும் என்றார். அவர் ஒரு பேச்சுக்குச் சொன்னார். அண்ணை அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

இரண்டு வார இறுதிகளில் கழிவெல்லாம் அண்ணையின் வான் வண்டியில் ஏறிப் போனது. ஆனால் கண்ணாடிச் சில்லுகள் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. அண்ணை அரிதட்டை எடுத்துவந்து, மேல்மண் முழுவதையும் சாண் ஆழத்துக்குக் கொத்தி, அரித்தெடுத்தார். நான் அள்ளிப் போட்டேன். கடையில் சுருட்டி விற்கிற புல்லை வாங்கி விரித்தால் ஒருநாள் வேலை என்று துணிந்து சொன்னேன். "பாய் விரிச்ச மாதிரிக் கிடக்கும். பிள்ளை கால் வைக்கிற நிலம், விதைச்சுத்தான் எழும்ப வேணும்" என்றார்.

இனித்தான் என் பங்கு. அவர் வாங்கிவந்த புல் விதைப் பையின் பின்பக்கத்தை அன்றைக்கே நான் பஸ் தரிப்பிடத்தில் அறிவித்தல் வாசிப்பதைப் போலச் சும்மா வாசித்திருந்தேன். காய்ந்த மேல்மண்ணில் விதையைத் தூவி, மெல்லக் கிளறி, பூவாளியால் நனைத்தால் போதும் என்று எழுதியிருந்தது. தண்ணீர் தேங்கவிடக் கூடாது என்றும் இருந்தது. அண்ணையோ நெல்லுக்குச் செய்கிற மாதிரி விதையைச் சாக்கில் கட்டிக் குளியல் வாளியில் ஒரு பகலும் ஓர் இரவும் ஊறவைத்து, வடித்து, ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்து முளைகட்டினார். பின்வளவைச் சுற்றி ஒரு சாண் உயரத்தில் வரம்பு கட்டினார். ஏப்ரல் முதல் கிழமை, குழாயைத் திறந்து தண்ணீரைக் கட்டி, சேற்றில் இறங்கி முளைவிதையை வீசினார். பக்கத்து வீட்டுக் கிழவி மேல் யன்னலால் எட்டிப் பார்த்து, குளமா கட்டுகிறீர்கள் என்று கேட்டார். அண்ணை அவருக்குச் சந்தோசமாகக் கை காட்டினார். அவர் கை வீசின வீச்சு அவ்வளவு அழகாயிருந்தது. அதனாலும் நான் வாய் திறக்கவில்லை. பயத்தினாலும் திறக்கவில்லை.

புல் விதை நெல்லைப் போலப் பாரமில்லை. மிதந்து, காற்று தள்ளின பக்கமாகப் போய் ஒரு மூலையில் ஒதுங்கியது. மூன்றாம் நாள் உறைபனி. பத்து நாளில் தண்ணீர் வற்றியபோது அந்த மூலையில் மட்டும் தாடி மாதிரிக் கொஞ்சம் பச்சை. மிச்சமெல்லாம் வெடித்த களிமண். அண்ணை வெறும் பையைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதில என்ன எழுதிக் கிடக்கு?"

வாசித்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

"நீர் இதை முதலே வாசிச்சனீரோ?"

"ஓம் அண்ணை."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் தப்பியிருப்பேன். பையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அக்கா, "இன்னும் ஆறு கிழமை கூட இல்லை" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் முறை பையில் எழுதியபடியே செய்தோம். வரம்பை உடைத்து நிரவினோம். பலகை போட்டு அதன்மேல் நின்று மிதித்து மண்ணை இறுக்கினோம். விதையில் பாதியை நீளவாட்டில், பாதியைக் குறுக்குவாட்டில் தூவினோம். புறாக்கள் வந்தன. அண்ணை நான்கு பக்கமும் தடி ஊன்றி நூல் கட்டச் சொன்னார். சிவப்புக் கடைப்பை ஒன்றைக் கீலங்கீலமாக வெட்டி, காற்றில் ஆடும்படி நூலில் கட்டியவன் நான்தான். என் கையால், ஒவ்வொரு முழத்துக்கும் ஒன்று.

காலையும் மாலையும் தண்ணீர். காலையில் அண்ணை வேலைக்குப் போகமுன் பூவாளியோடு நிற்பார். மாலையில் தண்ணீர் விட்டுவிட்டு ரயிலேறி, சண்டையை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நிற்கிற சனத்தோடு போய் நிற்பார். தங்கையின் தொலைபேசி மாசியிலிருந்தே வேலை செய்யவில்லை. தொலைக்காட்சியை யாரும் நிறுத்துவதுமில்லை, இருந்து பார்ப்பதுமில்லை. ஒன்பதாம் நாள் காலை அண்ணை குசினி யன்னலைத் தட்டினார். குனிந்து சரிவாகப் பார்த்தால் மட்டும் தெரிகிற பச்சை, மண் முழுவதும். அக்கா அழுதார். நானும் அழுதேன். புல்லுக்கு அழுத மனிதர்கள் என்று இப்போது சொன்னால் சிரிப்பாயிருக்கும்.

மே நடுவில் சண்டை முடிந்து ஊரிலிருந்து வந்த செய்திகளைக் கேட்டு அண்ணை ஐந்து நாள் கட்டிலை விட்டு எழும்பவில்லை. தங்கை உயிரோடு இருக்கிறாரா என்று சொல்ல ஆளில்லை. அந்த ஐந்து நாளும் நான்தான் தண்ணீர் விட்டேன். ஆறாம் நாள் எழும்பி வந்தார். கத்தி தீட்டிய இரவல் புல்வெட்டு மெசினால், பலகை போட்டு அதன்மேல் நின்று, நுனியை மட்டும் வெட்டினார். அடுத்த கோடைவரை யாரும் மிதிக்கக் கூடாது, வேர் இன்னும் பிடிக்கவில்லை என்று எல்லோருக்கும் சட்டம் போட்டார். நூலும் கீலங்களும் அப்படியே நின்றன.

சோசல் வேர்க்கர் சொன்ன நாளில் வந்தார். நாங்கள் எதிர்பாராத விதமாகப் பிள்ளையையும் கூட்டிவந்திருந்தார். கட்டிலையும் மஞ்சள் விரிப்பையும் பிள்ளை தொட்டுப் பார்த்தாள். பிறகு எல்லோரும் குசினிக் கதவடிக்கு வந்தோம். வெயிலில் புல் அவ்வளவு பச்சை. அந்தப் பெண் முகம் மலர்ந்து, போய் ஓடிப் பார் என்றார். பிள்ளை வாசற்படியில் நின்றாள். அண்ணை சட்டத்தை மறந்து, "போ அம்மா" என்றார். அவள் அசையவில்லை. அக்காவின் சீலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முகம் வெளிறிப்போனது. அந்தப் பெண்ணின் சிரிப்புக் குறைந்தது, பேனையைத் திறந்தார். பிள்ளை இந்த வீட்டுக்குப் பயப்படுகிறாள் என்று எழுதப்போகிறார் என நினைத்தேன்.

அப்போதுதான் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்ததை நானும் பார்த்தேன். தடிகள், நூல், சிவப்புக் கீலங்கள். ஊரில் வீதியோரம், வயலோரம், பள்ளிக்கூடம் போகிற வழியோரம் எல்லாம் பார்த்தவை. அண்ணை அதற்கெல்லாம் முன்பே ஊரை விட்டவர், அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்த நானே என் கையால் கட்டியிருக்கிறேன். இந்த முறை வாய் திறந்தது.

"அண்ணை, சிவப்பு. கண்ணிவெடியெண்டு நினைக்கிறாள்."

அவர் என்னை ஒருகணம் பார்த்தார். பிறகு நூலை இரண்டு கையாலும் அறுத்தெறிந்துவிட்டு, வேலைச் சப்பாத்தோடு புல்லில் இறங்கினார். ஒரு மாதமாகப் பூனையைக்கூட விடாத நிலம். குதிக்காலை ஊன்றி, ஒவ்வொரு அடியும் புதையப் புதைய, பின்வேலி வரைக்கும் நடந்தார். திரும்பி நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"பாத்தியோ? ஒண்டுமில்லை. மாமா அரிச்ச மண்."

பிள்ளை சீலையை விட்டாள். அவருடைய முதல் அடி பதிந்த பள்ளத்தில் கால் வைத்தாள். அடுத்தது எட்டவில்லை, பாய்ந்தாள். பிறகும் பாய்ந்தாள். வேறெங்கும் கால் படாமல், அவர் கால் வைத்த இடத்தில் மட்டும், பதினொரு பாய்ச்சலில் போய் மாமனின் வயிற்றில் மோதினாள். சோசல் வேர்க்கர் அதை விளையாட்டு என்று எண்ணிக் கைதட்டிச் சிரித்தார். ஏதோ எழுதினார். என்னைப் பார்த்தும் சிரித்தார். நான் ஒன்றும் மொழிபெயர்க்கவில்லை. அந்த ஒரு தடவை பேசாமல் நின்றதற்காக நான் இன்றுவரை வருந்தியதில்லை.

யூனில் பிள்ளை வீட்டுக்கு வந்தாள். யூலையில் தாய் ஒரு முகாமிலிருந்து பேசினார். அண்ணை தொலைபேசியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பின்வளவுக்குப் போய்த் தனியே நின்றதை நான் மேல் யன்னலால் பார்த்தேன். அந்தப் பள்ளங்களை நிரவுவோம் என்று எத்தனையோ தடவை நான் கேட்டிருக்கிறேன். "எனக்குத் தெரியும், நீர் சும்மா நில்லும்" என்பார்.

மட்டக்கோல்காரர் இன்னும் பதிலுக்காக நின்றார். அதற்குள் அந்தப் பிள்ளை, அண்ணையின் மருமகள், வேலையால் வந்தாள். இப்போது அவள் அண்ணையை விட உயரம். அக்காவின் முழங்கால் புல் வெட்ட விடுவதில்லை, அதனால்தான் இந்த ஏற்பாடு என்று அறிந்ததும் அந்த ஆளுக்கு மரியாதையாக நன்றி சொல்லி அனுப்பிவிட்டாள்.

"மாமி, பிளாஸ்டிக் வேண்டாம். நான் வெட்டுறன்."

சொன்னவள் சப்பாத்தோடு புல்லில் இறங்கி, தண்ணீர் நின்ற பள்ளங்களை விலத்தி, கண்ட கண்ட இடமெல்லாம் மிதித்துக்கொண்டு மெசின் எடுக்கக் கொட்டிலுக்குப் போனாள். கீழே பார்க்கவேயில்லை.

"பிள்ளை, ஈரப் புல்லை வெட்டக் கூடாது" என்றேன் நான்.

"தெரியும் சின்ன மாமா" என்றாள் அவள். "காயட்டும். நிக்கிறன்."